செனகல் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய செய்தி என்றால் ராணுவப் புரட்சியாகத்தான் இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். செனகலில் 1960 முதல் ஒரு முறைகூட ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில்லை. அதனால் அந்த நாட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் "ஜனநாயக முன்மாதிரி" என்று ஒரு மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாலைக்கு அடியில் சிறைகள் உண்டு, தெருவில் விழுந்த பிணங்கள் உண்டு, ஓர் எழுத்துக்காக நடந்த சண்டையும் உண்டு. கேள்விகளைப் பெரும்பாலும் கால வரிசையில் அடுக்கியிருக்கிறேன்; எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்லவில்லை.

செனகலை இதுவரை ஆண்டவர்கள் யார் யார்?

ஐந்தே பேர். லியோபோல் செதார் செங்கோர் (1960–1980), அப்து தியூஃப் (1981–2000), அப்துலாயே வாத் (2000–2012), மக்கி சால் (2012–2024), 2024 ஏப்ரலில் பதவியேற்ற பஸ்ஸிரு ஜோமாய் ஃபாய். முதலாமவர் தானாக விலகினார். அடுத்த இருவரும் தேர்தலில் தோற்றுப் போனார்கள். நான்காமவர் பதவிக்காலம் முடிந்து போனார், ஆனால் மனமில்லாமல்.

சுதந்திர தினம் ஏன் ஏப்ரல் 4? சில நூல்களில் ஜூன், ஆகஸ்ட் என்றும் இருக்கிறதே?

மூன்றுமே சரி. 1960 ஏப்ரல் 4 அன்று அதிகார மாற்ற ஒப்பந்தம் பாரிஸில் கையெழுத்தானது. ஜூன் 20 அன்று விடுதலை கிடைத்தது, ஆனால் செனகலுக்குத் தனியாக அல்ல. இன்றைய மாலியான பிரெஞ்சு சூடானும் செனகலும் சேர்ந்த "மாலிக் கூட்டமைப்பு" என்ற நாட்டுக்கு. அந்தக் குடித்தனம் இரண்டே மாதம் நீடித்தது. சூடான் பக்கத் தலைவர் மொதிபோ கெய்த்தா வலுவான ஒற்றை அரசு வேண்டும் என்றார். செங்கோர் தளர்வான கூட்டு போதும் என்றார். ஆகஸ்ட் 20 அன்று செனகல் பிரிந்தது. கெய்த்தாவையும் அவர் ஆட்களையும் ரயிலில் ஏற்றி மாலியின் தலைநகரான பமாக்கோவுக்கு அனுப்பிவைத்தார்கள். கோபத்தில் மாலி அந்த ரயில் பாதையையே மூடிவிட்டது. அது மீண்டும் திறக்க 1963 ஆனது.

ஜூனைக் கொண்டாடினால் கூட்டமைப்பு நினைவுக்கு வரும், ஆகஸ்டைக் கொண்டாடினால் பிரிவு நினைவுக்கு வரும். ஏப்ரலில் அந்தத் தொல்லை இல்லை.

காலனி நாடாக இருந்தபோதே பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பினார்களாமே?

ஆம். சேன் லூயி, கோரே, ரூஃபிஸ்க், இன்றைய தலைநகரான டக்கார் என்ற நான்கு நகரங்களுக்கு மட்டும் அந்த உரிமை இருந்தது. 1848 முதல் (இடையில் சில காலம் தடைபட்டு) அங்கிருந்து ஒரு பிரதிநிதி பாரிஸ் சென்றார். நெடுங்காலம் அந்த இடம் வெள்ளையர், கலப்பினத்தவர் கையில்தான் இருந்தது. 1914இல் பிளேஸ் தியாஞ் வென்றார். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். 1916இல் நான்கு நகரத்தாரின் குடியுரிமையைச் சட்டமாக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அவர் பெயரைச் சொன்னால் இன்றும் செனகலில் இரண்டு கட்சி கட்டுவார்கள். 1918இல் முதல் உலகப் போருக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் இளைஞர்களைத் திரட்டிக் கொடுத்தவரும் அவரே. உரிமை வாங்கித் தந்தவர் என்று ஒரு தரப்பு, ரத்தத்துக்கு விலை பேசியவர் என்று மறு தரப்பு. 2017இல் திறந்த டக்காரின் புதிய விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்த நான்கு நகர ஏற்பாட்டின் நிழல் பின்னாள் அரசியல் முழுவதிலும் விழுந்தது. நகரத்தில் பிறந்தவன் "குடிமகன்". பத்து மைல் தள்ளிக் கிராமத்தில் பிறந்தவன் "பிரஜை". அவனுக்கு வாக்கு இல்லை, கட்டாய உழைப்பு உண்டு. 1946இல் செனகலின் பிரதிநிதியாகப் பாரிஸில் இருந்த லமின் கெய் கொண்டுவந்த சட்டம்தான் காலனிகளில் எல்லோரையும் குடிமக்கள் ஆக்கியது.

தியாரோய் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அங்கே என்ன நடந்தது?

டக்காரை ஒட்டிய ராணுவ முகாம் அது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, மீண்டு வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களை அங்கே இறக்கினார்கள். சேரவேண்டிய சம்பள பாக்கியை அவர்கள் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 காலையில் பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. 35 பேர் இறந்ததாக அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். பல நூறு என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. உயிர் பிழைத்தவர்களில் 34 பேருக்குக் கலகம் செய்ததாகச் சிறைத்தண்டனை வேறு.

இதைப் "படுகொலை" என்று ஒரு பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 80 ஆண்டுகள் பிடித்தன. 2024 நவம்பரில் மக்ரோன் எழுதிய கடிதத்தில்தான் அந்தச் சொல் வந்தது.

கவிஞரான செங்கோர் எப்படி ஜனாதிபதி ஆனார்?

கவிதையால் அல்ல, வேர்க்கடலையால்.

1906இல் கடலோர ஊரான ஜோவாலில் பிறந்தவர். செரேர் இனத்தவர், கத்தோலிக்கர். நாடோ பெரும்பான்மை முஸ்லிம் நாடு. மிகப் பெரிய இனம் வொலொஃப். பாரிஸில் படித்து, 1935இல் இலக்கண ஆசிரியருக்கான மிக உயர்ந்த பிரெஞ்சுத் தேர்வில் வென்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். மார்ட்டினிக்கின் ஏமே செசேர், பிரெஞ்சு கயானாவின் லெயோன் தமா ஆகியோருடன் சேர்ந்து, கறுப்பின அடையாளத்தைப் பெருமையாக ஏந்தும் "நெக்ரித்யூத்" இயக்கத்தை வளர்த்தார். போரில் சிறைப்பட்டார். 1945இல் லமின் கெய்யின் தோழராக நாடாளுமன்றம் சென்றார்.

1948இல் கெய்யைப் பிரிந்து தனிக் கட்சி கண்டார். கெய் நகரத்து வழக்கறிஞர். நான்கு நகரங்கள்தான் அவர் உலகம். செங்கோர் கிராமங்களுக்குப் போனார். வாக்குரிமை கிராமத்துக்கு விரிந்துகொண்டிருந்த நேரம் அது. கிராமம் என்றால் வேர்க்கடலை. வேர்க்கடலை என்றால் மூரிட் சூஃபி அமைப்பு. அதன் நிறுவனர் அமது பம்பா (1853–1927). பிரெஞ்சுக்காரர்கள் அவரை முதலில் காபோனுக்கும் பிறகு மொரிட்டேனியாவுக்கும் நாடு கடத்தினார்கள். தூபா நகரை மையமாகக் கொண்ட அவருடைய வாரிசுகளின் சொல்லுக்கு லட்சக்கணக்கான கடலை விவசாயிகள் கட்டுப்பட்டார்கள். குருவின் கட்டளைக்கு வொலொஃபில் "ந்திகல்" என்று பெயர். அமைப்பின் அன்றைய தலைவரான கலீஃபா ஃபாலிலு ம்பக்கே செங்கோரின் நெருங்கிய நண்பர். 1951 தேர்தலில் முஸ்லிமான கெய்யைக் கத்தோலிக்கரான செங்கோர் வீழ்த்தினார் என்றால் அதன் கணக்கு இதுதான். மதத்தைப் பார்த்து வாக்கு விழும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தேர்தலைப் படிக்கலாம்.

1962இல் என்ன நடந்தது? மமது தியா யார்?

என்னைக் கேட்டால் செனகல் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படிக்க வேண்டும்.

மமது தியா ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். செங்கோரின் நம்பிக்கைக்குரிய தோழர். விடுதலைக்குப் பின் செங்கோர் ஜனாதிபதி, தியா அரசின் தலைவர், அதாவது பிரதமர். அன்றைய அரசியல் சட்டப்படி அன்றாட நிர்வாகம் தியாவின் கையில். அவர் சொன்ன வைத்தியம் கசப்பானது: வேர்க்கடலை வியாபாரத்தில் இடைத்தரகர்களை ஒழிக்க வேண்டும், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை வளர்க்க வேண்டும், பிரான்சை மட்டும் நம்பியிருக்கும் பொருளாதாரத்தை மாற்ற வேண்டும். இதில் யாருக்கெல்லாம் வலித்திருக்கும் என்று பாருங்கள். பிரெஞ்சு வணிக நிறுவனங்கள், கடலையில் வாழ்ந்த மதத் தலைவர்கள், கடன் வாங்கி வசதி கண்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில்.

டிசம்பரில் உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கட்சிக்குள் பேசி முடிக்காமல் அவைக்குக் கொண்டுவரக்கூடாது என்றார் தியா. 17ஆம் தேதி காவல் படையை அனுப்பி அவையைக் காலி செய்தார். உறுப்பினர்கள் அவைத் தலைவர் வீட்டில் கூடித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அந்தத் தலைவர், 1951இல் செங்கோரிடம் தோற்ற அதே லமின் கெய். மறுநாள் பாராசூட் படையினர் தியாவைக் கைது செய்தார்கள்.

1963 மே மாதம் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவருக்காக வாதாடியவர்களில் அப்துலாயே வாத் என்ற இளம் வழக்கறிஞரும் ஒருவர். வல்தியோதியோ ந்தியாய் உட்பட மேலும் நான்கு முன்னாள் அமைச்சர்களுக்கும் தண்டனை கிடைத்தது. நாட்டின் தென்கிழக்கு மூலையில், கொதிக்கும் கெதுகுவில் சிறை. 1974இல், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்குப் பிறகே தியா வெளியே வந்தார். பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

தியா கவிழ்க்க முயன்றாரா, கவிழ்க்கப்பட்டாரா? அவையைக் காலி செய்தது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அதிகாரம் சட்டப்படி அவரிடம்தான் இருந்தது. தன்னிடம் இருந்த அதிகாரத்தையே அவர் எதற்காகப் பறிக்க வேண்டும்? கையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் செங்கோர் பக்கம் இருந்தார்கள். ராணுவப் புரட்சியே நடக்காத நாடு என்று சொல்லும்போது இந்த வாரத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. 1963இல் புது அரசியல் சட்டம் வந்தது. பிரதமர் பதவியே சில ஆண்டுகளுக்குப் போனது. 1966 வாக்கில் நாட்டில் ஒரே கட்சிதான் மிஞ்சியது. தியா 2009இல், 98 வயதில் காலமானார்.

எழுத்துப் பிழைக்காகப் பத்திரிகையைத் தண்டித்தது உண்மையா?

உண்மை. இலக்கண ஆசிரியர் நாட்டை ஆண்டால் இப்படித்தான் ஆகும்.

வொலொஃப் மொழியை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று செங்கோர் அரசு 1971இல் ஆணை போட்டது. மெய்யெழுத்தை எங்கே இரட்டிக்க வேண்டும் என்பதில் அவருக்கும் மொழியியலாளர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. வரலாற்றாசிரியரும் எதிர்க்கட்சித் தலைவருமான ஷேக் அந்தா தியோப் "சிக்கி" என்ற பத்திரிகையை நடத்தினார். "தலை நிமிர்" என்பது போன்ற பொருள். அதில் "க" இரட்டிக்கக்கூடாது என்றது அரசு. தியோப் குழுவினர் எழுத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெயரையே மாற்றி "தஹாவ்" என்று வைத்துக்கொண்டார்கள். இயக்குநர் உஸ்மான் செம்பேனின் ஒரு படம் தலைப்பில் "த" இரட்டித்திருந்ததற்காகத் தடை செய்யப்பட்டது. படத்தில் மதத்தையும் மன்னராட்சியையும் பற்றி இருந்த காட்சிகள்தான் உண்மைக் காரணம் என்று பலர் நம்பினார்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று தலையை உடைத்துக்கொண்ட தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனி ரசனை இருக்கும்.

தியோப் வெறும் பத்திரிகைக்காரர் அல்ல. பழைய எகிப்திய நாகரிகம் கறுப்பின ஆப்பிரிக்காவின் நாகரிகம் என்று வாதிட்ட ஆய்வாளர். டக்காரில் கார்பன் காலக்கணிப்பு ஆய்வகம் ஒன்றை நிறுவியவர். செங்கோர் ஆண்ட காலம் வரை அவருக்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1981க்குப் பிறகுதான் வகுப்பறைக்குள் நுழைந்தார். 1986இல் இறந்தார். மறு ஆண்டு அதே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

எதிர்க்கட்சிகளுக்குக் கொள்கையை அரசே ஒதுக்கிக் கொடுத்ததாமே?

சிரிக்காதீர்கள், அதுவும் உண்மை. 1974இல் வாத் தன் கட்சியைத் தொடங்க அனுமதி கேட்டார், செங்கோர் கொடுத்தார். 1976இல் வந்த சட்டம் நாட்டில் மூன்றே மூன்று அரசியல் போக்குகள் இருக்கலாம் என்றது: சோஷலிசம், தாராளவாதம், மார்க்சிய லெனினியம். சோஷலிசத்தை ஆளும் கட்சி எடுத்துக்கொண்டது. மார்க்சியம் இன்னொருவருக்குப் போனது. மீதமிருந்த தாராளவாதம் வாத் தலையில் விழுந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பழமைவாதத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஷேக் அந்தா தியோப் கட்சிக்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை.

வாத்துக்கு செங்கோர் வைத்த பட்டப்பெயர் "ஞ்சோம்போர்". வொலொஃப் கதைகளில் வரும் தந்திர முயல். 1978 தேர்தலில் முயல் தோற்றது, ஆனால் தேர்தல் என்ற ஒன்று நடந்தது.

செங்கோர் ஏன் தானாகப் பதவி விலகினார்?

1980 டிசம்பர் 31 அன்று விலகினார். மறுநாள் பிரதமர் அப்து தியூஃப் பதவியேற்றார். பதவியில் இருந்த ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவர் உயிரோடு, வற்புறுத்தலின்றி இறங்குவது அன்று அபூர்வம். வயது 74. வறட்சியால் கடலை விளைச்சல் விழுந்திருந்தது, கடன் ஏறியிருந்தது. இதில் ஒரு நெருடலும் உண்டு: ஜனாதிபதி இடையில் விலகினால் மீதிக் காலத்தைப் பிரதமர் ஆளலாம் என்று முன்பே அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்துவிட்டுத்தான் போனார். ஆகவே அது துறவு என்பதைவிடப் பட்டம் சூட்டுதல் என்றே சொல்ல வேண்டும்.

1983இல் பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வான முதல் ஆப்பிரிக்கரானார். 2001 டிசம்பர் 20 அன்று பிரான்சின் நார்மண்டியில் இறந்தார். டக்காரில் நடந்த இறுதிச் சடங்குக்கு பிரெஞ்சு ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் பிரெஞ்சு மொழிக்கு வாதாடிய மனிதருக்கு அந்த மொழிக்காரர்கள் செய்த மரியாதை அது.

அப்து தியூஃப் காலத்தில் குறிப்பிடத்தக்கது என்ன?

வந்ததும் கட்சிகள் மீதான வரம்பை நீக்கினார். 1981இல் காம்பியாவில் கலகம் வெடித்தபோது படை அனுப்பி அடக்கினார். அதன் தொடர்ச்சியாக 1982இல் உருவான செனகாம்பியா கூட்டமைப்பு 1989இல் கலைந்தது. 1988 தேர்தலுக்குப் பின் டக்காரில் கலவரம், வாத் கைது. 1989இல் மொரிட்டேனியாவுடன் மோதல், இரு பக்கமும் கொலைகள், ஆயிரக்கணக்கானோர் விரட்டப்பட்டார்கள். 1994 ஜனவரியில் நாட்டின் நாணயமான சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பு ஒரே இரவில் பாதியானது. நல்ல நிர்வாகி, காலம்தான் நல்லதாக அமையவில்லை.

காசமான்ஸ் பிரச்சினை என்பது என்ன?

வரைபடத்தைப் பாருங்கள். செனகலின் வயிற்றில் காம்பியா என்ற ஒல்லி நாடு கத்தி போலச் செருகியிருக்கிறது. அதற்குத் தெற்கே இருப்பது காசமான்ஸ்: மழை அதிகம், நெல் வயல், காடு, ஜோலா மக்கள். தலைநகரத்துக்கு நேர்வழியில் போக வேண்டுமானால் வேற்று நாட்டைக் கடக்க வேண்டும், அல்லது கடல். வடக்கிலிருந்து வந்த அதிகாரிகள் நிலத்தைப் பிடித்தார்கள் என்ற ஆத்திரம் சேர்ந்தது. 1982 டிசம்பர் 26 அன்று காசமான்ஸின் முக்கிய நகரான சிகின்சோரில் நடந்த ஊர்வலத்தோடு பிரிவினைப் போராட்டம் தொடங்கியது. தலைவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், அகஸ்டின் தியமகூன் செங்கோர். பெயர்தான் ஒன்று, ஜனாதிபதிக்கு உறவு இல்லை. 2004 ஒப்பந்தத்துக்குப் பின் சண்டை தணிந்தது, முற்றிலும் ஓயவில்லை.

2002 செப்டம்பர் 26 அன்று சிகின்சோரிலிருந்து டக்கார் சென்ற "ஜோலா" கப்பல் கவிழ்ந்தது. ராணுவம் இயக்கிய கப்பல். சுமார் 550 பேருக்கானது. இறந்தவர்கள் 1,863க்குக் குறையாது. பிழைத்தவர்கள் 64. டைட்டானிக்கில் இறந்தவர்களைவிட அதிகம். தரைவழி சரியில்லாத ஒரு மாகாணம் கடலில் என்ன விலை கொடுத்தது என்று அந்த எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியும்.

2000ஆம் ஆண்டுத் தேர்தலை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

நாற்பது ஆண்டு ஆண்ட கட்சி வாக்குச்சீட்டில் தோற்றது. 1978, 1983, 1988, 1993 என நான்கு முறை தோற்ற வாத் ஐந்தாம் முறை, 73 வயதில், 58 சதவீத வாக்குகளுடன் வென்றார். அவருடைய முழக்கம் ஒரே சொல்: "சோபி", வொலொஃபில் மாற்றம். தனியார் எஃப்.எம். வானொலி நிருபர்கள் கைபேசியோடு வாக்குச்சாவடி வாசலில் நின்று, எண்ணிய உடனே முடிவை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகு யாரால் எண்ணிக்கையில் கைவைக்க முடியும்? தியூஃப் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொன்னார். அந்த ஓர் அழைப்புக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

வாத்தின் ஆட்சி எப்படி முடிந்தது?

எதிர்க்கட்சியில் இருந்தபோது சொன்னதையெல்லாம் ஆட்சியில் மறந்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சாலைகள் போட்டார். 2010இல் வட கொரிய நிறுவனம் ஒன்றைக் கொண்டு, சுமார் 50 மீட்டர் உயர "ஆப்பிரிக்க மறுமலர்ச்சி" வெண்கலச் சிலையை எழுப்பினார். யோசனை தன்னுடையது என்பதால் வருமானத்தில் 35 சதவீதம் தனக்கு என்றார்! மகன் கரீம் வாத்துக்கு அமைச்சகங்களைக் குவித்தார்.

2011 ஜூன் 23 அன்று, முதல் சுற்றில் 25 சதவீதம் பெற்றாலே ஜனாதிபதி ஆகலாம், கூடவே துணை ஜனாதிபதியும் தேர்வாவார் என்ற மசோதாவை அவைக்குக் கொண்டுவந்தார். மகனுக்கு நாற்காலி தயாராகிறது என்று ஊர் புரிந்துகொண்டது. ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் தொடங்கியிருந்த "யா நா மார்" இயக்கம் (பிரெஞ்சில் "பொறுத்தது போதும்" என்று பொருள்) உட்படக் கூட்டம் அவையைச் சூழ்ந்தது. மாலைக்குள் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அப்படியும் 2012இல் மூன்றாவது முறை நின்றார். இரண்டாம் சுற்றில் தன் முன்னாள் பிரதமர் மக்கி சாலிடம் தோற்றார். கரீமின் கணக்கு வழக்குகளை நாடாளுமன்றத்தில் விசாரிக்க முயன்றதற்காக வாத் ஒதுக்கித் தள்ளியவர்தான் இந்த சால்.

2024இல் தேர்தல் ஏன் தள்ளிப்போனது? சிறையிலிருந்தவர் எப்படி ஜனாதிபதியானார்?

மக்கி சாலின் இரண்டாவது காலத்தில் எதிர்ப்பெல்லாம் உஸ்மான் சொன்கோ என்ற ஒருவரைச் சுற்றித் திரண்டது. முன்னாள் வரி ஆய்வாளர்; ஊழல், பிரெஞ்சு ஆதிக்கம் இரண்டையும் தாக்கிப் பேசி இளைஞர்களைக் கவர்ந்தவர். 2021 மார்ச்சில் அவர் கைதானபோதும், 2023 ஜூனில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோதும் கலவரங்கள் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் அவருடைய பாஸ்தெஃப் கட்சி கலைக்கப்பட்டது. அவரது வேட்புமனுவை அரசியல் சட்ட மன்றம் ஏற்கவில்லை. கட்சியின் மாற்றுத் திட்டம் அவருடைய சகாவும் சக வரி ஆய்வாளருமான பஸ்ஸிரு ஜோமாய் ஃபாய். அவரும் சிறையில்தான் இருந்தார், ஆனால் தண்டனை எதுவும் விதிக்கப்படாததால் மனு செல்லுபடியானது.

வாக்குப்பதிவு பிப்ரவரி 25 என்றிருந்தது. பிப்ரவரி 3 அன்று சால் தேர்தலை நிறுத்தினார்; நாடாளுமன்றம் டிசம்பர் 15க்குத் தள்ளியது. அரசியல் சட்ட மன்றம் பிப்ரவரி 15 அன்று இரண்டையும் செல்லாது என்றது. புதிய தேதி மார்ச் 24. மார்ச் 14 இரவு சொன்கோவும் ஃபாயும் விடுதலையானார்கள். பிரசாரத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. "ஜோமாய் மோய் சொன்கோ", அதாவது ஜோமாய்தான் சொன்கோ என்ற முழக்கம் போதுமானதாக இருந்தது: முதல் சுற்றிலேயே 54 சதவீதம். மறுநாள் ஃபாய்க்கு 44ஆவது பிறந்தநாள். சொன்கோ பிரதமரானார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் கட்சி 165இல் 130 இடங்களை அள்ளியது.

பெண்கள் பற்றி எதுவும் சொல்லவில்லையே?

நியாயமான புகார். 1944இல் பிரெஞ்சுப் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமையை மறு ஆண்டு செனகலுக்கு நீட்டியபோது ஆப்பிரிக்கப் பெண் குடிமக்களை விட்டுவிட்டார்கள். சேன் லூயியில் எதிர்ப்பு கிளம்ப, சில மாதங்களில் ஆணையைத் திருத்தினார்கள். அதற்குச் சற்று முன், காசமான்ஸில் அலீன் சித்தோயே தியாத்தா என்ற இளம்பெண், கடலை பயிரிட மறுக்கவும் தங்கள் நெல்லைக் காக்கவும் மக்களைத் தூண்டினார். 1943இல் கைதாகித் திம்புக்துவுக்கு நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டு அங்கேயே இறந்தார். டக்காருக்கும் சிகின்சோருக்கும் இடையே பின்னாளில் ஓடிய கப்பல் அவர் பெயரைத் தாங்கியது.

1963இல் கரோலின் ஃபாய் தியோப் முதல் பெண் உறுப்பினர். 2001இல் மாம் மதியோர் போய் முதல் பெண் பிரதமர். ஜோலா விபத்துக்குப் பின் பதவி போனது. 2010இல் வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்ற சட்டம் வந்தது. வாத் செய்த உருப்படியான காரியங்களில் இதைச் சேர்க்க வேண்டும்.

ராணுவம் ஏன் ஆட்சிக்கு வரவில்லை?

ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். 1968 மே மாதத்தில் மாணவர் போராட்டமும் தொழிற்சங்க வேலைநிறுத்தமும் சேர்ந்து அரசை ஆட்டியபோது, தலைமைத் தளபதி தியாலோ நினைத்திருந்தால் நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். அவர் அரசின் பக்கம் நின்றார். டக்காரில் பிரெஞ்சுப் படை இருந்ததும் ஒரு தடை. மக்களுக்கும் அரசுக்கும் நடுவில் சூஃபி குருமார்கள் பஞ்சாயத்து செய்ததும் ஒரு காரணம். எல்லாவற்றையும்விட, ஆட்சியை மாற்ற வேறு வழி இருக்கிறது என்று 2000இல் ஒரு முறை கண்டுகொண்ட மக்கள் அதை விடவில்லை. 2012, 2024 இரண்டிலும் வாக்குப்பெட்டியைக் காப்பாற்றியது தெருவும் சில நீதிபதிகளும்தான். ஆட்சியில் இருந்தவர்களின் பெருந்தன்மைக்கு இதில் பங்கு குறைவு.

பிரெஞ்சுப் படை இப்போது இல்லை. 2025 ஜூலை 17 அன்று டக்காரிலிருந்த கடைசி முகாமையும் ஒப்படைத்துவிட்டுப் போனது.

செனகலுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று துணி. புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த "கினே" என்ற நீலத்துணி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. அங்கே கிட்டத்தட்டப் பணமாகவே புழங்கியது. புதுச்சேரியும் செனகல் போலவே பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பிய காலனிதான்.

மற்றொன்று செங்கோரின் ஆசை. திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு இருப்பதாக அவர் உறுதியாக நம்பினார். 1974இல் சென்னை வந்தபோது உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் நெக்ரித்யூதையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரையாற்றினார். கர்நாடக மொழியியலாளர் உ.ப. உபாத்யாயா 1970களில் டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்த ஒப்பீட்டு ஆய்வைச் செய்தார். வொலொஃபும் செரேரும் நைஜர்-காங்கோ குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதுதான் இன்றைய மொழியியலாளர்களின் பொதுவான முடிவு. தமிழோடு இனம் சேர்க்கும் வாதத்தை அவர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் ஒற்று இரட்டிப்பதற்காக நாட்டையே கலக்கிய ஒருவருக்குத் தமிழ் பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை.